படார் சத்தமும் மறைமலை நகர் கார்புரேட்டரும்

1949இல் சென்னையின் மோட்டார் வரலாற்றில் இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ராயல் என்ஃபீல்டு புல்லட்டை வரவழைத்து விற்க ஆரம்பித்தது. அதே ஆண்டில் குரோம்பேட்டையில் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), ஆட்டோமொபைல் பொறியியலைத் தன் பாடங்களில் ஒன்றாக வைத்துக் கதவைத் திறந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 800 புல்லட்டுகள் கேட்டதையடுத்து, 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. வடசென்னையில் பிறந்த அந்த வண்டி நகரத்தின் தென்கோடியில், பல்லாவரம் முதல் வண்டலூர் வரை நீளும் ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு தனித் தொழில் ஞானத்தையே வளர்த்துவிட்டது. சைலன்சரில் எழும் 'படார்' சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் ஞானம் அது.

அந்தக் காலத்து புல்லட்டில் தீப்பொறியைக் கொடுத்தது கான்டாக்ட் பாயிண்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பாயிண்ட் தேய்ந்தாலும் தீப்பொறியின் டைமிங் நகர்ந்தாலும் வண்டி 'படார்' என்று வெடிக்கும். சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைப் பாயிண்டுக்கு நடுவே செருகி, இன்ஜினை மெதுவாகத் திருப்பி, தாள் இளகி வெளியே வரும் கணத்தைப் பிடித்தே டைமிங் வைத்தார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வி. கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தால் டைமிங்கையோ வால்வையோ பார்க்க வேண்டும். சைலன்சர் வழியாக வெடித்தால், எரியாத பெட்ரோல் வெளியேறிச் சூடான குழாய்க்குள் போய்ப் பற்றுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வகைதான் வெளிச்சந்தை சைலன்சர் மாட்டியவர்களைத் துரத்தி வந்தது. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் பந்தய வண்டியின் சைலன்சரைப் பார்த்துச் செய்த 'கோல்டி'யும் குட்டையான 'ஷார்ட் பாட்டில்' ரகங்களும் இந்தியா முழுக்கப் பரவின. சென்னைக்குப் பந்தய மோகம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமான சோழவரத்தில் 1950களிலேயே பந்தயங்கள் நடந்தன; 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. ஆனால் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் பெரும்பாலான நேரம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கியே வைத்திருப்பார். குரோம்பேட்டை சிக்னல், சானடோரியம், தாம்பரம் பேருந்து நிறுத்தம் என்று பத்து நிமிடத்தில் பத்து முறை ஆக்ஸிலரேட்டரை விடவேண்டிய சாலை, ஜி.எஸ்.டி. விடும் ஒவ்வொரு முறையும் கலவையில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைகிறது. அப்படிப்பட்ட கலவை சிலிண்டருக்குள் சரியாகப் பற்றாமல் அப்படியே வெளியேறுகிறது. கம்பெனி சைலன்சரின் உள்தட்டுகள் அந்த வெடிப்பை அடக்கிவிடும். திறந்த குழாயோ அதை ஊருக்கே கேட்க வைக்கும்.

இந்த இடத்தில்தான் தென்புறநகர் கதைக்குள் நேரடியாக நுழைகிறது. ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1985இல் தொடங்கப்பட்ட யூக்கால் நிறுவனம், மறைமலை நகரில் 'மிக்கார்ப்' கார்புரேட்டர்களைச் செய்தது. பல்லாயிரம் புல்லட்டுகள் மிக்கார்பின் வி.எம். 24 ரகத்தால்தான் மூச்சுவிட்டன. அதன் பக்கவாட்டில் உள்ள சின்னஞ்சிறு ஏர் ஸ்க்ரூதான் படார் சத்தத்துக்கு மருந்து வைத்திருந்தது. ஸ்க்ரூவை உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை செறிவாகும். வெளியே திருகினால் கலவை நீர்க்கும்.

ஆனால் கைதேர்ந்த மெக்கானிக் எடுத்தவுடன் ஸ்க்ரூவில் கை வைக்கமாட்டார். முதலில் சிலிண்டர் ஹெட்டும், புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பும் சேருமிடத்தைப் பார்ப்பார். சைலன்சரை மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்ப மாட்டிவிடுவது எங்கும் நடக்கும் தவறு. அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோலுக்கு ஆக்ஸிஜன் கிடைத்துவிடும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. அதன் பிறகு கார்புரேட்டரும் ஹெட்டும் சேரும் ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் பிளக்கைக் கழற்றுவார். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகுதி. பிஸ்கட் நிறம் என்றால் சரி. டேப்பெட் இடைவெளியையும் பார்த்த பிறகே ஏர் ஸ்க்ரூவுக்கு வருவார். அதற்கும் அடங்காவிட்டால் பைலட் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றுவார். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர் கலவையைச் செறிவாக்கிக் கேஸ்கெட் கசிவை மறைக்கிறார். சத்தம் குறையும், கோளாறு அப்படியே இருக்கும்.

புல்லட்டைப் போலவே, 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100க்கும் ரசிகர்கள் ஏராளம். அந்த டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சரின் வடிவமே இன்ஜின் சக்தியின் பாதி. கண்ட குழாயை மாட்டினால் வெடிப்பதற்கு முன்பே இழுவை போய்விடும்.

புகைக் கட்டுப்பாடு இறுகியபோது மருந்தும் மாறியது. எரியாத மிச்சத்தை வெளியேறும் வாசலிலேயே எரித்துவிடச் சுத்தக் காற்றைச் செலுத்தும் 'பி.ஏ.வி.' என்ற வால்வு புல்லட் குடும்பத்துக்குள் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் திறந்த சைலன்சரோடு சேர்ந்தால் அதே காற்று வெடிப்புக்குத் துணைபோகும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது அந்தக் காற்றை நிறுத்தும் வெற்றிடக் குழாய் பிய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பலர் வால்வையே அடைத்துவிட்டார்கள். சத்தம் நின்றது, புகையில் நச்சு கூடியது. இது வைத்தியம் ஆகாது. பிய்ந்த வெற்றிடக் குழாயை மாற்றியிருந்தாலே போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டுகளில் ஏர் ஸ்க்ரூவே கிடையாது. ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கணினி பெட்ரோலை அளக்கிறது. கேஸ்கெட் கசிந்தால் சென்சார் பொய் சொல்லும், கணினி அதை நம்பிவிடும்.

வேண்டுமென்றே வெடிக்க வைப்பவர்களும் உண்டு. ஓடும் வண்டியில் சாவியை அணைத்து, எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் சேர்ந்ததும் சாவியை மறுபடி போடுகிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் தொடங்கிய நெஞ்சக நோய் மருத்துவமனை ஜி.எஸ்.டி. சாலையோரத்தில்தான் இருக்கிறது. மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மூச்சுத் திணறலோடு படுத்திருப்பவர் காதில் அந்த வெடி விழுவதை எந்த ரசனையாலும் நியாயப்படுத்த முடியாது. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குச் சட்டம் வைத்த ஒலி வரம்பு 80 டெசிபல். மீறினால், 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பழைய கார்புரேட்டர் புல்லட்டுகள் இன்னும் பட்டறைக்கு வருகின்றன. அவற்றுக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. 2000க்குப் பிறகும் பி.எஸ். 6க்கு முன்பும் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. படார் சத்தத்தை அடக்க ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போனால் புகைப் பரிசோதனையில் வண்டி தோற்கும். அதனால் விவரம் தெரிந்த பட்டறைகளில் கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டி, புது கேஸ்கெட் போட்டு, இன்ஜின் சூடேறிய பிறகு கால் சுற்று கால் சுற்றாக ஸ்க்ரூவைத் திருகி, புகைச் சான்று வாங்கிய பிறகே வண்டியைக் கொடுக்கிறார்கள்.