லைட் என்னும் சொல்லும் கடாரத்துத் தமிழரும்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு நாட்டில் நிகழும் மாற்றங்கள் ஏடுகளில் ஏறுவதற்கு முன்பே மக்கள் நாவில் ஏறிவிடுகின்றன. கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழர் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘லைட்’ என்பதும் ஒன்று. அந்தி சாய்ந்ததும் ‘லைட்டைப் போடு’ என்கிறோம். பினாங்குக்குச் சென்றால் லைட் தெருவில் நடக்கிறோம். ‘லைட்டான வேலை’ என்றால் பளுவற்ற வேலை எனப் பொருள் கொள்கிறோம். ஒரு விளக்கு, ஒரு மனிதரின் பெயர், கனமின்மை ஆகிய மூன்றையும் ஓர் ஒலியால் குறிக்கின்றோம். இம்மூன்று பொருள்களையும் தொடர்ந்து சென்றால் கடாரத்துத் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதி நமக்குப் புலனாகும்.

முதலில் சொல்லை நோக்குவோம். ஆங்கிலத்தில் இஃது எழுத்தில் ஒன்றாயினும் பிறப்பில் இரண்டு. வெளிச்சத்தைக் குறிக்கும் சொல் ஒரு வேரிலும், கனமின்மையைக் குறிக்கும் சொல் வேறொரு வேரிலும் தோன்றி, காலப்போக்கில் ஒரே வடிவம் பெற்றன. பின்னதற்கு உறவானது வடமொழியின் ‘லகு’. அதுவே தமிழில் ‘இலகு’ என வழங்குகிறது. தமிழ் நூல்களிலோ ‘இலகுதல்’ என்பதற்கு ஒளிர்தல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலச் சொல்லில் நேர்ந்த அதே இணைவு நம் மொழியிலும் நேர்ந்திருப்பது வியப்பிற்குரியது. மலாய் மொழியில் வெளிச்சத்திற்குச் ‘சஹாயா’ என்பர். அது ‘சாயா’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. தமிழில் ‘சாயை’ என்றால் நிழல்! ஒருவருக்கு நிழலாக உள்ள சொல் மற்றவருக்கு ஒளியாகின்றது. இன்னும் ஒன்று: தமிழில் ‘ஒளி’ என்பது பெயரானால் வெளிச்சம், வினையானால் மறைத்தல். இந்த இரண்டாம் பொருளை மனத்திற் கொண்டு, லைட் என்ற பெயர் தாங்கிய மனிதரிடம் வருவோம்.

கெடாவைத் தமிழர் அறிந்தது ஆங்கிலேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர். இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தைத் தாக்கியது. அதனால் அம்மன்னன் ‘கடாரம் கொண்டான்’ எனப் பெயர் பெற்றான். கடல் வழியே வந்த வணிகர்க்கு நெடுந்தொலைவிலிருந்தே வழிகாட்டி நின்றது குனோங் ஜெராய் மலை. அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் கோவில் இடிபாடுகள் அக்காலத் தொடர்புகளுக்குச் சான்று பகர்கின்றன.

பிரான்சிஸ் லைட் சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் முகவராகக் கெடாவுக்கு வந்தது 1771ஆம் ஆண்டில். அந்நாளில் கெடா சுல்தான்கள் ஒருபுறம் சயாமையும் மறுபுறம் பர்மாவையும் எண்ணி அஞ்ச வேண்டிய நிலையில் இருந்தனர். ஆகவே சுல்தான் அப்துல்லா பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுக்க முன்வந்தபோது, பகைவரிடமிருந்து பாதுகாப்பும், வணிக இழப்பிற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளியும் வேண்டுமெனக் கோரினார். பணத்தைவிடப் பாதுகாப்பே அவருக்கு முதன்மையானது.

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் லைட் பினாங்கில் கொடியேற்றினார். பாதுகாப்பு அளிப்பதாகக் கம்பெனி உறுதி தரவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதைச் சுல்தானிடம் தெளிவாக எடுத்துரைக்காமல், உதவி வரும் என்ற நம்பிக்கையிலேயே அவரை விட்டுவைத்தார். ஒளி என்று பொருள்படும் பெயர் கொண்டவர் செய்தது ஒளித்தல். காத்திருந்து ஏமாற்றமுற்ற சுல்தான், தீவை மீட்கப் பிறையில் படை திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட்டின் படை விடியுமுன் இருளில் தாக்கி அதனை முறியடித்தது. அதன்பின் ஏற்பட்ட உடன்படிக்கையில் சுல்தானுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000 வெள்ளி மட்டுமே. 1800ஆம் ஆண்டில் எதிர்க்கரையான செபராங் பிறையும் கைமாறியது. தொகை 10,000 வெள்ளியாயிற்று. 1821ஆம் ஆண்டில் சயாம் கெடாவின்மீது படையெடுத்தபோது கம்பெனி அந்நாட்டைக் காக்க முன்வரவில்லை. சுல்தான் அகமது தாஜுடின் நாடிழந்து, தம் முன்னோர் கொடுத்த அதே பினாங்கில் அடைக்கலம் புகுந்தார்.

தமிழர் வரலாற்றுக்கு லைட் ஒரு நல்ல சாட்சியும் ஆவார். 1794ஆம் ஆண்டில் அவர் பினாங்கு மக்களைப் பற்றி எழுதியபோது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் நெடுங்காலமாகவே கெடாவில் வாழ்ந்தவர்கள் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் குறித்துள்ளார். பினாங்கில் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் அவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். வெள்ளையர் அழைத்து வந்ததனால்தான் தமிழர் இந்நாட்டிற்கு வந்தனர் என்று கூறுவோர்க்கு, அந்த வெள்ளையரின் எழுத்தே மறுப்பாக அமைந்துள்ளது. அதே ஆண்டில் லைட் மறைந்தார். 1936ஆம் ஆண்டில் அவருக்குச் சிலை வடிக்க முனைந்தபோது பார்த்துச் செய்ய ஓர் ஓவியமும் கிட்டவில்லை. ஆதலின் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வகுத்த அவருடைய மகன் வில்லியத்தின் முகச்சாயலைக் கொண்டே சிலை அமைந்தது. அம்மகன் கெடாவில் பிறந்தவர்.

இனி இரண்டாவது பொருளுக்கு வருவோம். 1909ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கெடாவின்மீது சயாமுக்கு இருந்த உரிமைகள் பிரிட்டனுக்கு மாறின. அதனையொட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர் நிரைகள் எழுந்தன. கங்காணிகளின் வழியே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் வந்திறங்கின.

இத்தொழிலின் நேரத்தைக் குறிப்பது இருள். பொழுது ஏறி வெயில் காயத் தொடங்கினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். குளிர்ச்சியான வைகறையில்தான் பால் தடையின்றி வடியும். எனவே பால்மரம் வெட்டுவோர் இருட்டிலேயே எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய சுடரில் உலை வைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடினர். துரையின் மாளிகையிலும் ஆலையிலும் மின்விளக்கு எரிந்த காலத்திலும் பல தோட்டங்களின் லயங்களில் சிமினி விளக்கே எரிந்தது. பின்னர் வந்த மின்சாரமும், பல இடங்களில், தோட்டத்து இயந்திரம் ஓடும் சில மணி நேரத்திற்கு மட்டுமே கிடைத்தது. இயந்திரம் நின்றதும் பிள்ளைகளின் படிப்பும் நின்றது; அல்லது மீண்டும் மண்ணெண்ணெய்ப் புகையில் தொடர்ந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குக் குடிநீரும் மின்சாரமும் வேண்டும் என்பதைச் சட்டம் வற்புறுத்தியது 1990ஆம் ஆண்டில். அதற்குள் பல தலைமுறைகள் அவ்விளக்கடியில் படித்து முடித்துவிட்டன. அவர்களுள் ஆசிரியரானோரும் எழுத்தாளரானோரும் உண்டு.

மூன்றாவது பொருள் கனமின்மை. பெரிய கப்பல்களின் சரக்கை இறக்கி, அவற்றின் பளுவைக் குறைக்கும் தொங்கான்களுக்கு ஆங்கிலத்தில் ‘லைட்டர்’ என்று பெயர். கப்பலின் பளுவைக் குறைக்கப் படகு இருந்தது. தொழிலாளியின் பளுவைக் குறைக்க எவரும் இல்லை. தோட்டத்தில் இலகுவாக இருந்தது கூலி ஒன்றே. அந்த வலியை மறக்கக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே திறந்திருந்தது.

இதனை எதிர்த்து எழுந்ததுதான் தொண்டர் படை. இரண்டாம் உலகப் போருக்குப்பின், பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தோன்றிய இவ்வமைப்பு, 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவின் தோட்டங்களில் பரவியது. கள்ளுக்கடைகளின் முன் தொண்டர்கள் மறியல் செய்தனர். குடியை விடுமாறு தம்மவரை வேண்டினர். குடியை விட்ட தொழிலாளி கூலியைப் பற்றியும் கேட்பான் என்பதை நிருவாகம் உணர்ந்திருந்தது. 1947ஆம் ஆண்டில் காவற்படையினருடன் மோதல் நிகழ்ந்தது. தொண்டர்கள் பலர் சிறை சென்றனர். இலேசாக எண்ணப்பட்ட மக்கள் தம் கனத்தை உணர்த்திய நிகழ்ச்சி இது. ஆயினும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். இதற்குப் பரிகாரமாக 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் அச்சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை. பிறர் நிலத்தில் விளக்கேந்தி நடந்தவர்கள் நிலத்தின் பங்காளிகளாயினர்.

பினாங்கிற்காகக் கெடாவுக்கு வழங்கப்படும் தொகை நாடு விடுதலை பெற்ற பின்னும் நிற்கவில்லை. நெடுங்காலம் 10,000 ரிங்கிட்டாகவே இருந்த அதனைக் கூட்டரசு 2019ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கணக்கு இன்றும் நினைவில் வைக்கப்பட்டுள்ளது. காரணம், அது உடன்படிக்கையாக எழுதப்பட்டிருந்தது. தோட்டத் தமிழரின் கணக்கு அவ்வாறு எழுதப்படவில்லை. லைட்டின் பெயருக்குத் தெரு இருக்கிறது. முகம் தெரியாவிடினும் சிலை இருக்கிறது. லயங்களில் விளக்கேற்றிய தாய்மாரின் முகங்களை அறிந்தோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆனால் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனை நிலங்களாகவும் மாறிவருகின்றன, லயங்கள் மறைந்துவருகின்றன.

‘விளக்கு’ என்ற தமிழ்ச் சொல்லுக்குச் சுடர் என்பதோடு, துலக்கு என்றும், தெளிவாக எடுத்துச் சொல் என்றும் பொருள்கள் உண்டு. நம் முன்னோர் வாழ்வின்மீது படிந்துள்ள மறதியைத் துலக்கி, அதனை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொல்லுதல் எழுதுகோல் பிடித்தோர் கடமை. ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும், பள்ளியையும், கோவிலையும், அங்கு வாழ்ந்த முதியோரின் வாய்மொழியையும் இன்றே எழுதிவைப்போமாக.