காவ்ஹுவாங்ஷூ

காவ்ஹுவாங்ஷூ என்பது சீன அக்குபங்சர் மருத்துவத்தில் மேல்முதுகில் உள்ள ஒரு புள்ளி. சிறுநீர்ப்பை சக்தி நாளத்தில் 43ஆம் புள்ளியாக எண்ணப்படுகிறது. நான்காம் மார்பு முள்ளெலும்பின் முள்முனைக்குக் கீழே, நடுக்கோட்டிலிருந்து நோயாளியின் நான்கு விரல் அகலம் தள்ளி, தோள்பட்டை எலும்பின் உள்ளோரத்தை ஒட்டி முதுகின் இருபுறமும் இது அமைந்துள்ளது.

பெயர் வந்த கதை

'காவ்' இதயத்தின் அடியிலுள்ள கொழுப்பையும், 'ஹுவாங்' இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் இடைப்பட்ட பகுதியையும் குறிக்கும் என்பது மரபான விளக்கம். கி.மு. 581இல் ஜின் நாட்டுக் கோமகன் ஜிங் நோயுற்றதை 'ட்சுவோ சுவான்' என்னும் வரலாற்று நூல் கூறுகிறது. சின் நாட்டிலிருந்து ஹுவான் என்ற மருத்துவர் வந்து சேருமுன் கோமகன் ஒரு கனவு கண்டார். அதில் நோய் இரு சிறுவர்களாக உருவெடுத்து, காவுக்கும் ஹுவாங்குக்கும் இடையே ஒளிந்துகொள்ளத் திட்டமிட்டது. வந்து பார்த்த ஹுவானும் நோய் அங்கேதான் இருக்கிறது, ஊசியும் மருந்தும் அங்கே எட்டா என்று கைவிரித்தார். உண்மையைச் சொன்ன அவரைக் கோமகன் பரிசளித்து அனுப்பினார். 'நோய் காவ்ஹுவாங்கில் புகுந்துவிட்டது' என்றால் இனிப் பிழைப்பதற்கில்லை என்று சீனர் இன்றும் பொருள் கொள்கின்றனர்.

புள்ளியாக உருப்பெறுதல்

மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த அக்குபங்சர் நூலில் இப்புள்ளி இல்லை. ஏழாம் நூற்றாண்டில் தாங் காலத்து மருத்துவர் சுன் சிமியாவ் இதற்கு இடம் கொடுத்தார். ஹுவானால் எட்ட முடியாத இடம் இதுவே என்றும், இதைக் கண்டறியும் திறமை இல்லாததால்தான் நாள்பட்ட நோய்கள் தீரவில்லை என்றும் அவர் எழுதினார். தோள்பட்டை எலும்புகள் விலகினால்தான் புள்ளி புலப்படும். அதற்காக நோயாளி முதுகை வளைத்து உட்கார்ந்து கைகளை முன்நீட்டி முழங்கால்மீது ஊன்ற வேண்டும் என்று வழியும் காட்டினார். அவர் பரிந்துரைத்தது ஊசியை அல்ல, மூலிகைச் சூட்டை. மாசிபத்திரி இனச் செடியின் உலர்ந்த இலைப்பஞ்சைச் சிறு கூம்புகளாக உருட்டிப் புள்ளியின்மேல் எரிப்பது அம்முறை. அறுநூறு முதல் ஆயிரம் கூம்புகள்வரை எரிக்கலாம் என்றார்.

போரினால் ஊரைவிட்டு ஓடி முறைக்காய்ச்சலில் வாடிய சுவாங் சுவோ என்பவர், பன்னிரண்டாம் நூற்றாண்டில், இந்தச் சூட்டால் நலமடைந்தார். தாம் பெற்ற பயன் பிறருக்கும் கிட்ட வேண்டி, 1128இல் இந்த ஒரே புள்ளிக்கென்று தனிநூல் இயற்றினார்.

பயன்பாடும் எச்சரிக்கையும்

நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு, இரவு வியர்வை, மறதி, நெடுநோய்க்குப் பின்வரும் உடல்தளர்ச்சி, தோள்வலி, முதுகுவலி ஆகியவற்றுக்கு இப்புள்ளி மரபாகப் பயன்படுகிறது. பழைய நூல்கள் காசநோய்க்கும் இதைச் சொல்கின்றன. ஆனால் காசநோயைக் குணப்படுத்துவன கிருமிக்கொல்லி மருந்துகளே. சூட்டை நம்பி அவற்றை நிறுத்தக் கூடாது.

விலா எலும்புகளுக்கு அடியில் நுரையீரல் இருப்பதால் ஊசியை ஆழமாக இறக்கினால் மார்புக்கூட்டில் காற்றுப் புகுந்து உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே பயிற்சி பெற்றவர்கள் ஊசியைச் சாய்வாகவும் மேலோட்டமாகவுமே செலுத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் அலுவலகம் 2008இல் வெளியிட்ட 361 புள்ளிகளின் தர வரையறையில் இதுவும் உண்டு.

மருத்துவம் தோற்ற இடம் என்று பெயர் பெற்ற ஓரிடத்தை, நோயாளியைக் கைவிட மனமில்லாத மருத்துவர்கள் சிகிச்சைக்குரிய இடமாக்க முயன்றதே இப்புள்ளியின் வரலாறு.