தீக்குச்சியும் வால்வு டியூப்பும்
(பள்ளிக்கூடம் தேடிப்போன ஒரு நூலாசிரியரின் வரலாறு)



ஒவ்வோர் ஆண்டும் பரிசளிப்பு விழா மலருக்குக் கட்டுரை கேட்டுத் தலைமையாசிரியர் என் மேசைக்கு வரும்போது, தாய்மொழியின் சிறப்பைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ எழுதிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். இந்த முறை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்ட கேள்விதான் காரணம்.

நம் பள்ளிக்குப் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து அறிவியல் காட்சி நடத்தினார். கண்ணாடிக் குழாய்கள், மின்னும் உருண்டைகள், புகை, சத்தம் என்று நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். "யாரும் தொடக்கூடாது" என்று அவர் நாலைந்து தடவை சொன்னார். சாமான்கள் விலை உயர்ந்தவை, சொல்லத்தான் வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அந்தப் பையன் என்னிடம் வந்து, "சார், அதெல்லாம் நாம செய்யலாமா?" என்றான். நம்மிடம் அந்தச் சாமான் இல்லையப்பா என்றேன். "அப்போ எதுக்கு சார் நமக்குக் காட்டுனாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பயிற்சிக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. வந்தவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இவ்வளவு தூரம் செம்மண் சாலையில் வேனை ஓட்டிக்கொண்டு வந்ததே பெரிய காரியம். ஆனாலும் பையனின் கேள்வி என்னை விடவில்லை. விடுமுறையில் அதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது. இது நம் நாட்டில் நடந்ததன்று. இந்தியாவின் நடுப்பகுதியில், மத்தியப் பிரதேச மாநிலத்தில், நர்மதை ஆற்றங்கரையில் நடந்தது. அந்த மாவட்டத்துக்கு அப்போது ஹோஷங்காபாத் என்று பெயர். இப்போது நர்மதாபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள்.

1972ஆம் ஆண்டு அந்த மாவட்டத்தில் பதினாறு கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புது முயற்சி தொடங்கியது. தொடங்கியவர்கள் இரண்டு சிறிய அமைப்பினர். ஒன்று கிஷோர் பாரதி. இதை அமைத்த அனில் சத்கோபால் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனார். மற்றொன்று ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம். டாடா கழகத்து விஞ்ஞானிகளும் டில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

அந்தக் கிராமப் பள்ளிகளின் நிலையை நம் தோட்டப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடம் கிடையாது. ஆசிரியர் பாடத்தை வாசிப்பார், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வில் அதையே கக்குவார்கள். இதை மாற்றத்தான் அவர்கள் முனைந்தார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 'பால் வைஞானிக்' என்று நூல்கள் எழுதினார்கள். குழந்தை விஞ்ஞானி என்பது பொருள். அந்தப் புத்தகத்தில் விடை இருக்காது! இதைச் செய்து பார், என்ன நடந்தது என்று எழுது, ஏன் என்று நண்பர்களோடு பேசு, இவ்வளவுதான் இருக்கும். பிள்ளை தானே செய்து தானே எழுதிய நோட்டுப் புத்தகம்தான் அவனுக்குப் பாடப்புத்தகம். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. பார்த்தெழுத அனுமதித்தால் படிப்பு கெட்டுப் போகாதா என்று பெற்றோர்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கேள்வியே வேறு மாதிரி இருந்தால் பார்த்தெழுத என்ன இருக்கிறது?

அங்கே சவாலிராம் என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்று சொல்வதும் சரியன்று, அவர் கற்பனை ஆள்தான். பிள்ளைகள் தங்கள் மனத்தில் எழுந்த கேள்வியை அவருக்குக் கடிதமாக எழுதலாம். கேள்வி எதுவானாலும் பதில் கடிதம் போகும். ஒரு கிராமத்துப் பிள்ளையின் பெயருக்குத் தபால்காரர் கடிதம் கொண்டுவருவது சின்ன விஷயமா?

1978இல் அந்தத் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவி இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குச் சென்றது. அந்த ஆண்டில்தான் நம் கட்டுரையின் நாயகர் அங்கு வந்து சேர்ந்தார். பெயர் அரவிந்த் குப்தா. 1953இல் உத்தரப் பிரதேசத்தில் பரேலி என்ற ஊரில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்துவிட்டு, 1975க்குப் பின் புனே நகரில் லாரி தயாரிக்கும் டெல்கோ தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தார். கான்பூரில் படிக்கும் காலத்தில் அனில் சத்கோபால் அங்கு வந்து பேசியதைக் கேட்டிருந்தார். அந்தப் பேச்சு உள்ளே கிடந்து உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வருடம் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியை ஹோஷங்காபாத்தில் கழித்தார்.

அங்கே வாரச் சந்தை கூடும். நம் தோட்டங்களில் சம்பள நாளன்று கடை போடுவார்களே, அதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் என்ன விற்கிறார்கள், அதில் எதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே சுற்றினார். சைக்கிள் வால்வு டியூப் கண்ணில் பட்டது. பழைய சைக்கிள்களில் காற்று வெளியே போகாமல் தடுக்க வால்வின் மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்தான் அது. கொஞ்சம் வாங்கிச் சிறு துண்டுகளாக நறுக்கினார். ஒரு துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தீக்குச்சியைச் செருகினார். மடக்கினால் மடங்கும், விட்டால் நிமிரும் மூட்டு ஒன்று கிடைத்துவிட்டது.

மூன்று குச்சி, மூன்று துண்டு டியூப் சேர்த்தால் முக்கோணம். அதை எப்படி அமுக்கினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சி சேர்த்தால் சதுரம். விரலால் லேசாகத் தள்ளினாலே சாய்ந்து போகும். ஐங்கோணமும் அப்படித்தான் ஆடும். நீளமான குச்சி ஒன்றைச் சதுரத்தின் மூலைக்கு மூலை குறுக்கே கட்டினால் உடனே அது விறைத்து நிற்கும், ஏனென்றால் இப்போது அது இரண்டு முக்கோணம். டியூப் துண்டின் நடுவில் முள்ளால் ஒரு துளை போட்டு மூன்றாவது குச்சியைச் செருகினால் மேலே எழும்பும் உருவங்கள் வரும்: கூம்பு போன்ற நான்முகி, பெட்டி, வீடு. பாலத்திலும் மின்கம்பக் கோபுரத்திலும் கூரைச் சட்டத்திலும் ஏன் எங்கு பார்த்தாலும் முக்கோணமாக இருக்கிறது என்பதை வாத்தியார் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடும். (வீட்டில் செய்யும் பிள்ளைகள் கவனிக்க: தீக்குச்சித் தலையில் இருக்கும் மருந்தைப் பெரியவர்கள் யாராவது முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.)

இந்த இடத்தில் எனக்கு வேறொரு நினைவு. டியூப் என்றால் ரப்பர். என் அம்மா விடிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். மங்கில் வடிந்த பாலும் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலும் எங்கே போய் என்னவாக ஆனது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது நம் தோட்டத்தில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஏதோ ஓர் ஊர்ச் சந்தையில் ரப்பர் குழாய் ஒன்று பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரி சொல்லிக் கொடுத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

குப்தா பிறகு டெல்கோ வேலையை அடியோடு விட்டுவிட்டார். 1980களில் வெளிவந்த அவருடைய முதல் புத்தகமே இந்தத் தீக்குச்சி உருவங்களைப் பற்றியதுதான். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு லட்சக்கணக்கில் விற்றது. அதன் பிறகு வரிசையாகப் புத்தகங்கள். காலி டப்பாவும் பழைய டியூப்பும் கொண்டு செய்யும் பம்பு, டார்ச் லைட் பேட்டரியும் இரண்டு சேஃப்டி பின்னும் ஒரு காந்தமும் செப்புக் கம்பியும் கொண்டு சுழலும் மோட்டார், உறிஞ்சு குழலின் நுனியைக் கத்தரித்து ஊதும் பீப்பி. பீப்பியை ஊதிக்கொண்டே கத்தரியால் நறுக்கிக் குட்டையாக்கினால் சுருதி ஏறிக்கொண்டே போகும்! குழல் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை இதைவிடச் சுருக்கமாக நான் சொல்லித் தர முடியாது.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு நேரில் போனார். தோள்பையில் குப்பை என்று நாம் எறிகிற சாமான்கள். பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து செய்து காட்டுவார், அவர்களையும் செய்ய வைப்பார். 2003 முதல் 2014 வரை புனேயில் வானியல் ஆராய்ச்சி மையம் ஒன்றின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் இருந்து இதே வேலையைச் செய்தார். தம் புத்தகங்களையும் செய்முறைப் படங்களையும் இணையத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். 2018இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று முடித்தால் வரலாறு ஆகாது. ஹோஷங்காபாத் திட்டத்தை 1982 முதல் ஏகலவ்யா என்ற அமைப்பு பொறுப்பேற்று நடத்தியது. பல மாவட்டங்களுக்குப் பரப்பியது. முப்பது ஆண்டு நடந்த பின், 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. மேல்வகுப்புத் தேர்வில் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்ற குறையும் அப்போது சொல்லப்பட்டது. அறிஞர் பலர் வேண்டாம் என்று சொல்லியும் பயனில்லை.

என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். குப்தாவைப் போன்ற ஒருவர் பள்ளிக்கு வந்தால் அது ஒரு நாள். அந்த ஒரு நாளில் பிள்ளைகள் படித்து முடித்துவிட மாட்டார்கள். விளையாட்டுச் சாமான் செய்ததனாலேயே விஞ்ஞானம் வந்துவிட்டது என்று சொல்வதும் மிகை. ஹோஷங்காபாத்தில் பெரிய விஷயம் எது என்றால், அங்குள்ள சாதாரண ஆசிரியர்கள் விடுமுறையில் பயிற்சிக்குப் போனார்கள், மாதம் ஒரு முறை கூடி உட்கார்ந்து, எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வரவில்லை என்று பேசினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் புத்தகத்தைத் திருத்தினார்கள். என்னைப் போன்ற பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டுப் புத்தகத்தைத் திருத்துவதாவது! அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் குப்தாவிடம் ஒன்று உண்டு. அவர் போன பிறகு சாமான் பள்ளியிலேயே இருக்கும். வேனில் ஏற்றிக்கொண்டு போக அதில் என்ன இருக்கிறது?

நானும் டவுனுக்குப் போய்ச் சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் வால்வு டியூப் கேட்டேன். இப்போது யார் இதை வாங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அடி டிராயரிலிருந்து ஒரு சுருளை எடுத்து, காசு கொஞ்சமாகத்தான் வாங்கிக்கொண்டார். வகுப்பில் முதல் நாள் ஒரே கூச்சல். டியூப் துண்டுகளை நான் மிகக் குட்டையாக வெட்டியதால் குச்சிகள் கழன்று கழன்று விழுந்தன. மூன்றாவது துளை போடும்போது டியூப் கிழிந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, "சார், இது அறிவியலா, கைவேலையா?" என்று கேட்டார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாம் வாரம் துண்டுகளை ஒன்றரை சென்டிமீட்டராக வெட்டினோம். அதன் பிறகு நின்றது.

பையனின் அப்பா தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். மகன் செய்த சதுரத்தை வாங்கி ஆட்டிப் பார்த்தார். குறுக்குக் குச்சி போட்டதையும் அமுக்கிப் பார்த்தார். "இருபது வருசமா கேட்டுக்குக் குறுக்குக் கம்பி வச்சு அடிக்கிறேன் சார். மண்டோர் சொன்னாரு, அடிச்சேன். இதுக்குத்தானா?" என்றார். மகன் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

விழா நாளன்று மண்டபத்தின் இடப்பக்கம், தேநீர் மேசைக்கு அருகில், நாலாம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் செய்த உருவங்களைப் பரப்பி வைத்திருக்கிறோம். பாலம் ஒன்று உண்டு, கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். மோட்டாரில் மூன்றில் இரண்டுதான் சுற்றுகிறது, மூன்றாவது ஏன் சுற்றவில்லை என்று யாருக்காவது தெரிந்தால் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எதையும் எடுத்துப் பார்க்கலாம், தொடலாம். உடைந்தால் பரவாயில்லை, டியூப் இன்னும் அரைச் சுருள் இருக்கிறது.