இடது கன்னம் மட்டும் காட்டிய பிரபு

ஸ்டூடியோவில் போட்டோகிராபர் என்ன சொல்வார்? 'தலையைக் கொஞ்சம் திருப்புங்க சார்!'

ஐந்நூறு வருஷங்களுக்கு முன், இத்தாலியில் ஒருவர் ஒரேயடியாகத் திரும்பிக்கொண்டார். பெயர் ஃபெடரிகோ மான்டெஃபெல்ட்ரோ. உர்பினோ என்ற சின்ன ஊரின் பிரபு. தொழில்? காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர்களுக்காகப் போர் நடத்தித் தரும் கூலிப்படைத் தளபதி! அந்தக் காசில்தான் அரண்மனை, பிரமாதமான நூலகம், ஓவியர்கள் எல்லாம்.

1450-ல் ஒரு ஈட்டிப் போட்டியில் அவருக்கு வலது கண் போய்விட்டது. மூக்குத்தண்டிலும் பெரிய பள்ளம். பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், சிவப்புத் தொப்பியோடு இடது பக்கத்தை மட்டும் காட்டுகிறார். எதிரே மனைவி பட்டிஸ்டா.

நன்றாகப் பாருங்கள். மரு இருக்கிறது. உடைந்த மூக்கு இருக்கிறது. 'அட, உள்ளபடியே வரைந்திருக்கிறாரே!' என்று நம்பிவிடுகிறோம். சூட்சுமமே அங்கேதான். சின்னக் குறைகளை ஒப்புக்கொண்டுவிட்டால், பெரிய குறையை யாரும் தேட மாட்டார்கள்!

நான் பி.காம். படித்தவன். கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால், இன்னொரு பக்கம் எங்கே என்று கேட்பேன். இதோ அந்தப் பக்கம்...

1444-ல் ஃபெடரிகோவின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி கொலையானார். உடனே நாற்காலி இவருக்கு. 1472-ல் படிகாரச் சுரங்கத் தகராறில், ஃப்ளாரன்ஸுக்காக வோல்டெர்ரா நகரத்தை முற்றுகையிட்டார். ஊர் சரணடைந்தது. அதன்பிறகும் இவருடைய வீரர்கள் புகுந்து சூறையாடினார்கள். 1474-ல் போப் இவருக்கு டியூக் பட்டம் கொடுத்தார்!

1478-ல் ஃப்ளாரன்ஸ் தேவாலயத்தில் மெடிசி சகோதரர்கள் மீது கொலைவெறித் தாக்குதல். தம்பி ஜூலியானோ செத்தார். அண்ணன் லொரன்ஸோ தப்பித்தார். இந்தச் சதிக்கு உதவ ஊருக்கு வெளியே அறுநூறு வீரர்களைத் தயாராக வைத்தவர் நம்ம ஃபெடரிகோ. அவருடைய சங்கேதக் கடிதத்தை ஆய்வாளர் ஒருவர் உடைத்துப் படித்து, 2004-ல்தான் விஷயம் வெளியே வந்தது. ஐந்நூற்றுச் சொச்சம் வருஷங்கள் அந்த ஓவியம் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறது!

கூத்து என்னவென்றால், 1631-ல் வாரிசுச் சொத்தாக அந்த ஓவியம் மெடிசி குடும்பத்துக்கே போனது. இப்போது இருப்பது ஃப்ளாரன்ஸின் உஃபிஸி காட்சியகத்தில். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

இன்னமும், அவர் காட்டிய பக்கத்தை மட்டும்.