ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் படுக்கலாமா? வீட்டு ஷெட்டுக்கு கட்டுப்படியாகும் 'லிப்ட்' வாங்குவது எப்படி?

தண்டலம்,

காஞ்சீபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில், சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளது தண்டலம். பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய் ஆலையில் இருந்து 1998-ம் ஆண்டு சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010-ம் ஆண்டு ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இப்போது இந்த பகுதி முழுக்க கார் மயம்தான்.

கார் பெருகினால் மெக்கானிக் ஷெட்டும் பெருகும். ஐ.டி.ஐ. படித்தவர்கள், கம்பெனியில் காண்டிராக்ட் முடிந்து வந்தவர்கள், கால் டாக்சி ஓட்டிக்கொண்டே சொந்த வண்டியை தாங்களே சர்வீஸ் பார்ப்பவர்கள் என்று பலரும் வீட்டு வாசலில் தகர ஷெட் போட்டு வேலை பார்க்கிறார்கள்.

பெரிய ஆலைகளில் காரை தலைக்கு மேல் தொங்கவிட்டு, ஊழியர்கள் நின்றபடியே வேலை செய்கிறார்கள். வீட்டு ஷெட்டில் நிலைமை வேறு. ஒரு ஜாக்கி, இரண்டு செங்கல், கீழே ஒரு சாக்கு. அதில் மல்லாக்க படுத்துதான் கியர் பாக்சை கழற்ற வேண்டும். ஜாக்கி நழுவினால் ஒரு டன் எடை நெஞ்சு மேல். தப்பிக்க நேரமே கிடைக்காது.

இதற்கு ஒரே தீர்வு 'கார் லிப்ட்'. ஆனால் எதை வாங்குவது? எவ்வளவு செலவாகும்? ஷெட்டுக்குள் அடங்குமா? முழு விவரம் வருமாறு:-

சலூன் நாற்காலியில் பிறந்த லிப்ட்

கார் லிப்ட் பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி என்பவர், முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோது நாற்காலி மேலே ஏறுவதை பார்த்தார். ஆளை தூக்கும் நாற்காலி காரை தூக்காதா என்று யோசித்தார். 1925-ம் ஆண்டு ஹைட்ராலிக் கார் லிப்ட் தயாராகி விட்டது.

தத்துவம் எளிது. மோட்டார், எண்ணெயை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். அந்த அழுத்தம் காரை தூக்கும். ஆனால் எண்ணெய் கசிந்தால்? அதற்குத்தான் இரும்பு 'லாக்' இருக்கிறது. காரை தூக்குவது எண்ணெய், தாங்கி நிற்க வேண்டியது லாக். இதை மறந்தால் லிப்ட்டும் ஜாக்கியும் ஒன்றுதான்.

எத்தனை வகை?

1. பள்ளம் (பிட்): நம்மூரில் பழைய முறை இதுதான். செலவு குறைவு, கரண்டும் வேண்டாம். ஆனால் தண்டலத்துக்கு அருகில்தான் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறினால் பள்ளம் குளமாகி விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்த பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்ரோல் ஆவியும், எல்.பி.ஜி. வாயுவும் காற்றை விட கனமானவை. பள்ளத்தில்தான் போய் தேங்கும். ஒரு தீப்பொறி போதும். மேலும் டயர், பிரேக் வேலைக்கு பள்ளம் உதவாது.

2. ஒற்றைத்தூண் வாஷிங் லிப்ட்: வாட்டர் சர்வீஸ் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சிலிண்டர் பூமிக்குள் இருக்கும். கம்பிரசர் தேவை. ஒருமுறை புதைத்தால் இடம் மாற்றுவது பெரும்பாடு. வண்டி கழுவும் தொழிலுக்கு ஓ.கே. ரிப்பேர் ஷெட்டுக்கு முதல் சாய்ஸ் இல்லை.

3. கத்தரிக்கோல் லிப்ட் (சிசர் லிப்ட்): உயரம் குறைந்த கூரைக்கு ஏற்றது. 'மிட் ரைஸ்' மாடல் காரை 3 முதல் 4 அடி வரை தூக்கும். டயர், பிரேக், டிங்கரிங் வேலைக்கு வசதி. ஆனால் காரின் நடுப்பகுதியை லிப்ட்டே மறைத்துக்கொள்ளும். கியர் பாக்ஸ், சைலன்சர் வேலைக்கு சிரமம்.

4. இரட்டைத்தூண் லிப்ட் (டூ போஸ்ட்): மெக்கானிக்குகள் அதிகம் விரும்புவது இதைத்தான். நான்கு கைகள் காரை தூக்கிப் பிடிக்கும். நான்கு சக்கரமும் தொங்கும். கீழே தாராளமாக நின்று வேலை பார்க்கலாம். சுமார் 6 அடி வரை ஏறும்.

5. நான்குதூண் லிப்ட் (போர் போஸ்ட்): காரை பலகை மேல் ஓட்டி ஏற்ற வேண்டும். வீல் அலைன்மெண்ட் கடைகளுக்கு ஏற்றது. இடமும் விலையும் அதிகம். சக்கரத்தை கழற்ற தனி ஜாக்கி வேண்டும்.

டேப்பை எடுங்கள்

லிப்ட் கடைக்கு போவதற்கு முன்பு ஷெட்டை அளந்து பாருங்கள். சாதாரண கார் 5 அடி உயரம். 6 அடி தூக்கினால் மொத்தம் 11 அடி. பெரிய வண்டி என்றால் 12 அடி வேண்டும். வீட்டு போர்டிகோ 10 அடிதான் இருக்கும். அங்கே இரட்டைத்தூண் லிப்ட் வைத்து முழுசாக தூக்கினால் காரின் தலை கூரையில் இடிக்கும்.

அகலம் குறைந்தது 12 அடி, நீளம் 20 முதல் 24 அடி இருந்தால் நல்லது. தூண்களிலும் இரண்டு ரகம் உண்டு. தரையில் தகடு ஓடும் மாடல் குள்ளமானது, சுமார் 9½ அடிக்குள் முடிந்துவிடும். மேலே குறுக்குக்கம்பி உள்ள மாடலுக்கு கூரை இன்னும் உயரமாக வேண்டும். இடப்பற்றாக்குறை உள்ள ஷெட்டுக்கு தகடு மாடலே சரி.

தரையில்தான் உயிர் இருக்கிறது

இரட்டைத்தூண் லிப்ட்டின் மொத்த பாரமும் இரண்டு தூண்களின் அடியில் இறங்கும். தரை பலமில்லை என்றால் போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

4 அங்குலத்துக்கு குறையாத தரமான காங்கிரீட் வேண்டும் என்று லிப்ட் கையேடுகள் சொல்கின்றன. புதிதாக தரை போடுபவர்கள் தூண் நிற்கும் இடத்தில் கம்பி கட்டி 6 முதல் 8 அங்குலம் போட்டுவிட்டால் கவலை இல்லை. செங்கல் ஜல்லி தரை, டைல்ஸ் தரை, சிமெண்ட் பூசிய மண் தரை ஆகியவற்றில் லிப்ட் நிறுத்தவே கூடாது.

காங்கிரீட் முழு பலம் பெற 28 நாட்கள் ஆகும். "மூணு நாள் ஆச்சு, காய்ஞ்சிடுச்சு" என்று அவசரப்பட்டு டிரில் போடக்கூடாது. தரையின் ஓரத்தை ஒட்டியும், வெடிப்பு உள்ள இடத்திலும் ஆங்கர் போல்ட் அடிக்கக்கூடாது.

எத்தனை டன்?

ஆல்டோ போன்ற சின்ன கார் 700 முதல் 850 கிலோ. கிரெட்டா போன்றவை 1,200 கிலோவுக்கு மேல். இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோவை ஒட்டி வரும். அப்படியானால் 2 டன் லிப்ட் போதுமே என்று கேட்கலாம். போதாது.

4 டன் லிப்ட் என்றால் ஒரு கைக்கு 1 டன் கணக்கு. என்ஜின் முன்னால் இருப்பதால் முன் கைகள் இரண்டும் அதிக எடை சுமக்கும். எனவே எல்லா ரக காருக்கும் சேர்த்து 4 டன் லிப்ட் வாங்குவதே நல்லது.

விலை எவ்வளவு?

புது இரட்டைத்தூண் லிப்ட் ரூ.1 லட்சத்தை தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி., லாரி வாடகை, பொருத்தும் கூலி, தரை வேலை எல்லாம் சேரும். பலர் லிப்ட் விலையை மட்டும் பார்த்து இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, 12 சதவீத வட்டியில் ரூ.1½ லட்சம் கடன் வாங்கி 3 வருடத்தில் கட்டினால், மாத தவணை சுமார் ரூ.5 ஆயிரம். மாதம் 25 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு ரூ.200. வாரத்துக்கு இரண்டு, மூன்று வண்டி மட்டும் வரும் ஷெட்டுக்கு இது கட்டுப்படியாகாது. தினமும் வண்டி நிற்கும் ஷெட் என்றால் தாராளமாக வாங்கலாம்.

2015-ம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில் 'கிஷோர்' பிரிவில் ரூ.50 ஆயிரத்துக்கு மேல் ரூ.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கிகள் கடன் தருகின்றன. மானியத்துடன் கூடிய கடன் திட்டங்களை மாவட்ட தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

வெளிநாட்டு லிப்ட்டுகள் விலை குறைவாக கிடைக்கலாம். ஆனால் ரப்பர் சீல் போனால் எங்கே தேடுவது? கோவை ஏ.டி.எஸ். எல்ஜி, புதுச்சேரி மானாடெக் போன்ற கம்பெனிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்த கம்பெனியாக இருந்தாலும் ஸ்பேர் கிடைக்குமா, சர்வீசுக்கு ஆள் வருமா என்று கேட்டுவிட்டு பணத்தை நீட்டுங்கள்.

செகண்ட்ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் உஷார்!

* எத்தனை டன் என்று பொறித்த தகடு இல்லாத லிப்ட் வேண்டாம்.
* தூண், கை ஆகியவற்றில் புது வெல்டிங் தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.
* இரும்பு கயிறில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்ற வேண்டும்.
* காரை ஏற்றி, லாக்கில் உட்கார வைக்காமல், தூணில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கோட்டுக்கு கீழே இறங்கினால் சிலிண்டர் சீல் அவுட். அந்த நேரத்தில் அடியில் யாரும் போகக்கூடாது.
* பழைய ஆங்கர் போல்ட்டை மறுபடி அடிக்கவே கூடாது.

கரண்ட் கனெக்ஷன்

பெரும்பாலான லிப்ட்டுகளில் 3 பேஸ் மோட்டார் இருக்கும். வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும் இருந்தால் அதற்கேற்ற மோட்டாரை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டு மீட்டரில் இருந்து ஒயர் இழுத்து தொழில் செய்தால் மின்வாரியம் அபராதம் போடும். கடைக்கு தனி இணைப்பு வாங்கிவிடுவதே நிம்மதி.

இதை மறக்காதீங்க

* காரை அரை அடி தூக்கியதும் நிறுத்தி, அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கி, கைகளை சரி செய்யுங்கள்.
* வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் இறக்கி லாக்கில் உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் லாக் விழுந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.
* பொலிரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றை சேசிசில் தூக்க வேண்டும். மற்ற கார்களில் கதவுக்கு கீழே உள்ள கம்பெனி குறித்த இடத்தில் மட்டும். எலெக்ட்ரிக் காரில் பேட்டரி அடியில் இருப்பதால் இடம் மாறினால் லட்சக்கணக்கில் நஷ்டம்.
* லிப்ட்டில் வைத்து என்ஜினை இறக்கினால் பின்பக்கம் கனமாகி கார் சாயும். பின்னால் உயர ஸ்டாண்ட் கொடுத்த பிறகே என்ஜினில் கை வைக்க வேண்டும்.
* காருக்குள் ஆள் இருக்கும்போது தூக்கக்கூடாது. சின்ன பசங்களை சுவிட்ச் பக்கம் விடக்கூடாது.

தொழிற்சாலைகளில் பளு தூக்கும் கருவிகளை ஆண்டுக்கு ஒரு முறை தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலை சட்டம் கூறியது. சின்ன ஷெட்காரர்களும் அதே கணக்கை வைத்துக்கொள்வது நல்லது.

இப்போதைக்கு பணம் இல்லையா?

லிப்ட் வாங்க முடியாதவர்கள் சில ஆயிரம் ரூபாயில் ஒரு டிராலி ஜாக்கியும், இரும்பு ஸ்டாண்டுகளும் வாங்கிவிடலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவை விரிசல் காட்டாமல், ஒரே நொடியில் நொறுங்கும்.

வண்டி எத்தனை வந்தாலும் ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள்.