ஆவணம்: கடைத்தெருவிலிருந்து கப்பல் பட்டியல் வரை

உத்திரமேரூர் என்றதும், குடத்திலிட்ட பெயரோலைகளை எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறை நினைவுக்கு வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட விதிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கத்தை அவற்றுக்குப் பல நூற்றாண்டு முன்பே அகநானூற்றின் 77ஆம் பாட்டு சொல்லிவிட்டது. கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையைச் சரிபார்த்து, உடைத்து, ஓலைகளை வெளியே எடுப்பவர்களுக்கு அந்தப் பாட்டு தரும் பெயர் ‘ஆவண மாக்கள்’.

பட்டினப்பாலையிலோ ‘ஆவணம்’ என்ற அதே சொல்லுக்குக் கடைத்தெரு என்று பொருள். வடமொழி ‘ஆபணம்’ என்பதோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்கும் சந்தை என்பதே பொருள். விற்றல் வாங்கல் நடந்த இடத்தின் பெயர், அந்த விற்பனைக்குச் சாட்சியான ஓலைக்கும் ஆகிவந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலம் விற்றவர்கள் எழுதிக்கொடுப்பது ‘விலையாவணம்’.

நிலத்தை மட்டுமல்ல, ஆளையும் ஓலை கட்டியது. பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வரும் முதியவர், உன் பாட்டன் எனக்கு அடிமையோலை எழுதித் தந்தான் என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அந்த மூலத்தை வாங்கி, பாட்டன் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வரச்செய்து, இரண்டிலும் உள்ள கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆட்சி, ஆவணம், காட்சி ஆகிய மூன்றும் அங்கே சான்று வகைகள். பாட்டன் எழுத்து பேரனைக் கட்டிய கதையை இதைவிட நுட்பமாகச் சொன்ன நூல் நம்மிடம் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆளைக் கட்டும் இன்னொரு ஆவணம் வந்தது: கடல் கடந்து கூலி வேலைக்குப் போவதற்கான ஒப்பந்தம். அக்ரிமெண்ட் என்ற சொல் ‘கிர்மிட்’ ஆனது. அதற்குக் கைநாட்டு வைத்தவர் ‘கிர்மிட்டியா’. சென்னையிலிருந்து அப்படிப்பட்டவர்களை ஏற்றிப் புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். செங்கற்பட்டு ஜில்லாக்காரர்களும் அவர்களில் உண்டு.

கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். ஓடிப்போனால் பிடிக்கத் தழும்பையும் மச்சத்தையும் எழுதிவைத்தார்கள். அந்தத் தழும்பை, அப்படிப் போனவரின் கொள்ளுப்பேத்தி இன்று படிக்கிறாள். படம் ஒன்றுகூட இல்லாத மனிதரைப் பற்றி அவளுக்குக் கிடைக்கும் உடல்செய்தி அதுவும் உயரமும்தான். செக் நாட்டிலிருந்து அமெரிக்கா போன குடும்பங்களுக்கு ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு பல தலைமுறையைக் காட்டித் தரும். நம் ஊரில் நிலமில்லாத உழைப்பாளிக்கு அப்படி ஒன்று இல்லை. குடவோலையில் பெயர் எழுதப்படவே சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்றது கல்வெட்டு. பின்னாளில் வந்த பட்டாவும் அடங்கலும் நிலத்தைச் சுற்றியே எழுதப்பட்டன. ஆக, பல குடும்பங்களுக்குத் தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் சேர்ந்து எழுத்தில் ஏறிய முதல் இடம், அவர்களைக் கட்டிப்போட்ட அந்தப் பட்டியல்தான். இது எனக்கு ஆறாத வருத்தம். ஆனாலும் அந்தத் தாளைக் கைவிட மனம் வராது.

தேடுபவர்கள் எழுத்தை நம்பாமல் ஓசையை நம்ப வேண்டும். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிய குமாஸ்தாவால் முதலி ‘மூட்லி’ ஆனார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆகி, தகப்பன் பெயரே குடும்பப் பெயராகவும் நின்றுவிட்டது. உத்திரமேரூரைப் பழைய ஆங்கிலப் பதிவுகள் ‘உத்தரமல்லூர்’ என்கின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

எல்லைகளும் மாறிவிட்டன. அன்று உத்திரமேரூர் செங்கற்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகாவில் இருந்தது. இன்று அது தனித் தாலுகா. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது மதுராந்தகம் அங்கே போனது, உத்திரமேரூர் காஞ்சிபுரத்தோடு நின்றது. பட்டியலில் செங்கற்பட்டு, மதுராந்தகம் என்று கண்டு இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் ஊரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கப்பல் பட்டியல் டர்பனில் இருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.