கொரிய மறுஇணைப்பு: நட்பு நாடுகளின் கூட்டுத் திட்டமிடலில் உள்ள சிக்கல் என்ன?

கொரியப் போர் 1953, ஜூலை 27-இல் போர்நிறுத்த உடன்படிக்கையுடன் நின்றது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. தென் கொரியத் தலைநகர் சியோலுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், 4 கி.மீ. அகலமுள்ள ராணுவமற்ற மண்டலம் தீபகற்பத்தை இரண்டாகப் பிரிக்கிறது. என்றேனும் இரு நாடுகளும் இணைந்தால், அல்லது வட கொரிய அரசு திடீரெனக் குலைந்தால், அதனை எதிர்கொள்வது யார் பொறுப்பு? தென் கொரியாவுக்கும் அதன் நட்பு நாடான அமெரிக்காவுக்கும் இடையே பல ஆண்டுகளாக நீடிக்கும் கேள்வி இது.

அரசமைப்புச் சட்டம் கூறுவது என்ன?

தென் கொரிய அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, கொரிய தீபகற்பம் முழுவதும் தங்கள் நாட்டின் நிலப்பரப்பே என்கிறது. சுதந்திர ஜனநாயக அடிப்படையில் அமைதியான இணைப்பை நாட வேண்டும் என 4-ஆவது பிரிவு கூறுகிறது. எனவே, வடக்கில் ஆட்சி குலைந்தால் அங்கு நிர்வாகம் செய்யும் உரிமை தனக்கே உண்டு என்பது சியோலின் நிலைப்பாடு.

எனினும், இரு கொரியாக்களும் 1991, செப்டம்பர் 17-இல் ஒரே நாளில் ஐ.நா. சபையில் தனித்தனி உறுப்பினர்களாகச் சேர்ந்தன. ஆகவே, உலக நாடுகளின் பார்வையில் வட கொரியா தனி நாடு.

1950 தந்த பாடம்

இந்த முரண்பாடு புதிதன்று. 1950, அக்டோபரில் ஐ.நா. படைகள் 38-ஆவது இணைகோட்டைக் கடந்து வடக்கே முன்னேறின. அப்போது, தென் கொரிய அரசின் அதிகாரம் வடக்குக்குத் தானாக நீளாது என்றும், கைப்பற்றிய பகுதிகளை ஐ.நா. படைத் தலைமையே தற்காலிகமாக நிர்வகிக்க வேண்டும் என்றும் ஐ.நா. இடைக்காலக் குழு முடிவெடுத்தது. தென் கொரியா இதனைக் கடுமையாக எதிர்த்தது. அதே மாதத்தில் சீனப் படைகள் யாலு நதியைக் கடந்து போரில் இறங்கியதால் நிலைமை தலைகீழானது. யார் நிர்வகிப்பது என்ற கேள்விக்கு விடை காணப்படவே இல்லை.

கூட்டணியின் அமைப்பு

தென் கொரியா - அமெரிக்கா பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1953, அக்டோபர் 1-இல் கையெழுத்தானது. தற்போது சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் தென் கொரியாவில் உள்ளனர். 1978-இல் உருவான ஒருங்கிணைந்த படைத் தலைமையகத்துக்கு அமெரிக்கத் தளபதி தலைமை வகிக்கிறார். அமைதிக்காலப் படைக் கட்டுப்பாடு 1994-இல் தென் கொரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்காலக் கட்டுப்பாட்டை மாற்றும் காலக்கெடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, நிபந்தனைகள் நிறைவேறினால் மாற்றலாம் என 2014-இல் முடிவானது.

பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 3-ஆவது பிரிவும் கவனிக்கத்தக்கது. இரு தரப்பின் தற்போதைய நிர்வாகத்தில் உள்ள பகுதிகளுக்கும், சட்டப்படி பின்னர் அதன்கீழ் வந்ததாக மற்றத் தரப்பு ஏற்கும் பகுதிகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். அதாவது, இணைப்புக்குப் பின் வடக்குப் பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்க அமெரிக்காவின் அங்கீகாரம் தேவைப்படும்.

'5029' சர்ச்சை

வட கொரியாவில் திடீர்க் குழப்பம் ஏற்பட்டால் செயல்படுவதற்கான '5029' என்ற கருத்தளவிலான திட்டத்தை இரு ராணுவங்களும் 1990-களின் இறுதியில் வகுத்தன. அதனை முழுமையான செயல்திட்டமாக உயர்த்தும் முயற்சியை 2005-இல் தென் கொரிய தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தடுத்தது. நாட்டின் இறையாண்மைக்கு அது ஊறு விளைவிக்கும் என்பதே கூறப்பட்ட காரணம்.

இத்தகைய சூழலில் இரு நாடுகளின் முன்னுரிமைகளும் வேறுபடக்கூடும். அணு ஆயுதங்கள் பிறர் கைக்குச் செல்லாமல் காப்பது அமெரிக்காவின் முதல் கவலை. மக்களுக்கு உணவளிப்பது, அகதிகளைக் கையாள்வது, சிவில் நிர்வாகத்தை நிறுவுவது ஆகியவை சியோலின் தோள்களில் விழும். சீன ராணுவம் எல்லையைக் கடந்தால் என்ன செய்வது என்பது இருவருக்கும் பொதுவான கேள்வி.

அரசியல் அளவில் இணக்கம் தெரிகிறது. சுதந்திர ஜனநாயகம், சந்தைப் பொருளாதாரம் ஆகியவற்றின் அடிப்படையிலான அமைதியான இணைப்பை 2009 கூட்டறிக்கையில் இரு நாடுகளும் ஆதரித்தன. 2023, ஆகஸ்ட் 18-இல் கேம்ப் டேவிட் உச்சி மாநாட்டில் ஜப்பானும் சுதந்திரமான, அமைதியான ஒருங்கிணைந்த கொரியாவுக்கு ஆதரவு தெரிவித்தது.

ஜெர்மனி முன்னுதாரணமாகுமா?

1990-இல் இரு ஜெர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இணைப்புக்கு வழிவகுத்தது. ஜெர்மன் படைபலத்துக்கு 3,70,000 வீரர்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் வெளிநாட்டுப் படைகளும் அணு ஆயுதங்களும் நிறுத்தப்படக் கூடாது எனவும் முடிவானது. அண்டை நாடுகளின் அச்சத்தைத் தணித்ததே அதன் வெற்றி.

கொரியாவில் நிலைமை கடினம். மேற்கு ஜெர்மனியின் மக்கள்தொகை கிழக்கைப்போல் சுமார் நான்கு மடங்கு; தென் கொரியாவினுடையதோ வடக்கைப்போல் இரு மடங்கு மட்டுமே. வட கொரியாவிடம் அணு ஆயுதங்கள் உள்ளன. சீனாவுடன் 1961-இலும், ரஷியாவுடன் 2024-இலும் அது பரஸ்பர உதவி ஒப்பந்தங்கள் செய்துள்ளது.

இந்தியாவின் பங்கு

போர்நிறுத்தத்துக்குப் பின், தாயகம் திரும்ப மறுத்த போர்க்கைதிகள் விவகாரத்தைக் கவனித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியா தலைமை வகித்தது. ஜெனரல் கே.எஸ். திம்மய்யா அதன் தலைவராக இருந்தார். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையிலான 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு போர்க்களத்தில் பணியாற்றியது.

இப்போதைய நிலை

இணைப்பு என்ற இலக்கையே வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன் 2023 இறுதியில் கைவிட்டார். தெற்கைப் பகை நாடாக அறிவித்த அவரது அரசு, 2024, அக்டோபரில் எல்லைச் சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தது. வடக்கின் ஆட்சிமுறையை மதிப்பதாகவும், அதனை விழுங்கும் வகையிலான இணைப்பை நாடப்போவதில்லை எனவும் தென் கொரிய அதிபர் லீ ஜே மியுங் 2025, ஆகஸ்ட் 15-இல் தெரிவித்தார்.

திட்டங்கள் காத்திருக்கலாம், முதியவர்களால் இயலாது. பிரிந்த உறவினர்களைக் காண தென் கொரியாவில் சுமார் 1.34 லட்சம் பேர் பதிவு செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். குடும்பச் சந்திப்பு கடைசியாக நடைபெற்றது 2018, ஆகஸ்ட் மாதத்தில்.